வலது வயரின் அம்பு

போன ஞாயிற்றுக்கிழமை வனஜா மிக்ஸி போட்டபோது, சிடிக்குள் இருந்த புல்லாங்குழல் வித்வான் வாசிப்பை நிறுத்திவிட்டு, "யாரும்மா அது, கச்சேரி நடக்கிற நேரத்துல?" என்று கேட்டார்.

வயர் மாட்டியதில் வந்த கோளாறுதான். நல்ல வயர்களில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு காட்டும் பக்கம்தான் ஒலி ஓடும். சனிக்கிழமை புது வயர் மாட்டும்போது இடது வயரின் அம்பை ஸ்பீக்கர் பக்கமும், வலது வயரின் அம்பைப் பிளேயர் பக்கமும் வைத்துவிட்டேன். ஆகவே இடது பக்கம் சபை எங்கள் வீட்டுக்குக் கேட்டது. வலது பக்கம் எங்கள் வீடு சபைக்குக் கேட்டது. சிடி கேட்கிறவர்கள் வீட்டில் நடக்கக்கூடியதுதான்.

ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடையில் வாங்கிய சிடியை அப்படியே போட்டுக் கேட்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிடியை முதல் நாளே பிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் தீட்ட வேண்டும். பிளேயரைக் காலையிலேயே போட்டுச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அது துளியும் அசையாமல் இருக்க அடியில் கனமாக ஏதாவது வேண்டும். நான் சமையலறை அம்மியை வைத்திருந்தேன். பச்சை தீட்டிய அன்று மூன்றாம் வரிசையில் ஒருவர் இருமுவது கேட்டது. அம்மி வந்த அன்று அவர் வெற்றிலை மெல்லுவது கேட்டது. அவர் பெயர் அருணகிரி. பக்கத்து சீட்டுக்காரர் கூப்பிட்டதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

கச்சேரி ஓடும்போது ஃபேன் கூடாது, பிரிட்ஜும் கூடாது, பேச்சு கூடவே கூடாது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற இடத்தில் வனஜா வாயைத் திறந்தால், "உஷ்! தனி ஆவர்த்தனம்" என்பேன். அவளும் போய்விடுவாள்.

அன்றைக்குப் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வலது ஸ்பீக்கர் முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கய்யா. அம்மி இருந்தா சத்தமில்லாம அரைச்சிருப்பேன். எங்க அம்மா குடுத்த அம்மி. இவர் பிளேயருக்கு அடியில கெடக்கு."

சபையில் சலசலப்பு. "என்ன சட்னிம்மா?" என்றார் அருணகிரி.

"கொத்தமல்லிங்க."

"அடடா!"

மானம் போகிறதே என்று நான் வயரைத் திருப்பிப் போடப் பிளேயருக்குப் பின்னால் குனிந்தேன்.

"கைய வைக்காதீங்க," என்றாள் வனஜா. "நான் கரூருக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். பெட்டி கட்டியாச்சு. இனி வர்றதா இல்ல. யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும்ல?"

நான் வயரைப் பிடித்தபடியே நிமிர்ந்தேன்.

"அம்மா சொல்லட்டும் சார்," என்றார் வித்வான். "நாங்க இருக்கோம்." நான் வயரை விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

சொன்னாள். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் வெந்ததைச் சொன்னாள். பிரிட்ஜை நிறுத்தி நிறுத்தித் தயிர் புளித்ததைச் சொன்னாள். காய்ச்சலில் தண்ணீர் கேட்டபோது நான் பொறு என்று விரலைத் தூக்கிக் காட்டியதைச் சொன்னாள். குறைக்கு ஒன்றாக மிருதங்கக்காரர் முத்தாய்ப்பு வைத்தார். பெண்கள் பக்கம் உச்சுக்கொட்டினார்கள். நான் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சரியான இடத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒன்றுவிடாமல் கேட்டது.

அவள் முடித்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"கரூர் பஸ்ஸுல இந்நேரம் நின்னுக்கிட்டுதான் போகணும்," என்றார் அருணகிரி. "இங்க எங்க வரிசையில ஒரு சீட்டு காலியா இருக்கும்மா."

வனஜா யோசித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். சிடி வைக்கும் தட்டு வெளியே வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பெட்டி மட்டும் நுழையவில்லை. கைப்பையோடு போனாள்.

இப்போது மூன்றாம் வரிசையில் வளையல் சத்தம் கேட்கிறது. இடைவேளையில் அருணகிரியின் மனைவியோடு கேண்டீனில் போண்டா சாப்பிடுகிறாள். நன்றாகச் சிரிக்கிறாள். அவள் சிரிப்பு இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. சொன்னால் என்ன, அழுகையாக வருகிறது.

சிடியை இப்போதெல்லாம் பிரிட்ஜில் வைப்பதில்லை. வனஜாவுக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். ராத்திரியில் அவளுடைய ஸ்வெட்டரில் சுற்றி வைக்கிறேன். அம்மியையும் எடுத்துவிட்டேன். அதனால் சபை லேசாக ஆடுகிறது. அருணகிரி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்.

இன்று காலை அந்த அம்மியில் நானே கொத்தமல்லிச் சட்னி அரைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். ஃபேனைப் போட்டேன். பிரிட்ஜைப் போட்டேன். வலது ஸ்பீக்கரில் வாயை வைத்து, "வனஜா, அம்மி சமையலறைக்கு வந்துடுச்சு. ஃபேன் ஓடுது. இனிமே நீ எவ்வளவு வேணா பேசு, நான் கேக்கிறேன். வீட்டுக்கு வந்துடும்மா," என்றேன்.

இடது ஸ்பீக்கரில் வளையல் அசைந்தது.

"உஷ்!" என்றாள் வனஜா. "தனி ஆவர்த்தனம்."

நான் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.