இன்னும் ஒரே ஒரு மாடி

எங்கள் வீட்டில் மரியாதை இரண்டு பேருக்கு உண்டு. ஒருவர் பெரியவர். அவரை என் மனைவி மனதார ‘வாங்க, போங்க’ என்பாள். இன்னொருவன் நான். என்னையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வாள். ஆனால் அது வாய்ப் பழக்கம்.

பெரியவர் என்பது நாய். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவள் வளர்த்தது. கன்றுக்குட்டி உயரம், சாம்பல் நிறம், எடையில் என்னைவிட ஒரு பிடி அதிகம். நான் முதன்முதலாக அவள் வீட்டுக்குப் போனபோது என்னைச் சுற்றிவந்து மோந்து பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்பதுபோல் கொட்டாவி விட்டார். அந்தக் கருத்தை அவர் பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. சோற்றுத் தட்டை நான் வைத்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது என் பொறுப்பு. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். கீழ்வீட்டு அண்ணனுக்கு இது தீராத வேடிக்கை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “என்ன மெக்கானிக், நம்ம கட்டடத்துக்கு எப்போ?” என்று ஒருநாள் விடாமல் கேட்பார். நானும் ஒருநாள் விடாமல் சிரித்து வைப்பேன்.

பெரியவர் முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தபோது, வீட்டில் வைத்தியம் தெரிந்த ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. “சுளுக்குதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று தீர்ப்புச் சொல்லி, என் முதுகுவலித் தைலத்தை எடுத்து அவர் காலில் தேய்த்தேன். அவர் தும்மிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியப் பார்த்தார். தலை மட்டும் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. கட்டிலைத் தூக்கி அவரை விடுவித்ததில் சுளுக்கு எனக்குத்தான் பிடித்தது. மிச்சத் தைலத்தை என் முதுகில் தேய்த்துவிட்டபோது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அதில் நாலு பக்கம் திட்டு இருக்கும்.

பெரியவர் கால் வீங்கியபிறகுதான் கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எலும்பின் ஓரம் பூச்சி அரித்த மரம்போல் இருந்தது.

“எலும்புல புற்றுநோய். இவ்வளவு பெரிய ஜாதி நாய்களுக்கு வர்றதுதான்.”

“காலை எடுத்துட்டா சரியாகுமா?” என்று கேட்டேன்.

“நுரையீரலுக்கும் போயிடுச்சு. இனிமே வலி தெரியாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். படி மட்டும் ஏற விடாதீங்க. அந்த எலும்பு எப்ப வேணும்னாலும் உடையும்.”

என் மனைவி பெரியவர் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “மூணாவது மாடிங்க” என்றாள்.

“நான் தூக்கறேன்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. டாக்டரம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நாயையும் ஒருமுறை பார்த்தார். நல்ல மனுஷி, வலி மாத்திரைக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

வேலையிடத்தில் மோட்டார் தூக்குகிற பெல்ட் ஒன்று பழசாகிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து, நடுவில் போர்வையை மடித்துத் தைத்து, பெரியவர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை மூன்று படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, வண்டி ஏன் நின்றது என்பதுபோல் சுற்றும்முற்றும் பார்த்தார்.

நாள்போக்கில் பழகிவிட்டது. காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம்; பகலெல்லாம் அவருக்குக் கீழ்வாசல்தான். என் மனைவி எங்களுக்கு முன்னால் ஏறுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எங்கள் பக்கம் திரும்பி, “வாங்க வாங்க, வந்தாச்சு. இன்னும் ஒரே ஒரு மாடிதான்” என்பாள். முதல் மாடியிலேயே அப்படித்தான் சொல்வாள். பச்சைப் பொய். நாய்க்கு எண்ணத் தெரியாது என்கிற தைரியம். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. என்னிடம் பேசும் குரல், கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல்.

எனக்கும் ஆறுதலுக்கு ஒன்று கிடைத்தது. தூக்கும்போது பெரியவர் என் தோளில் தாடையை வைத்துக்கொள்வார். எச்சில் காலர் வழியாக முதுகுவரை இறங்கும். நான் கர்வத்தில் மிதந்தேன். “பாத்தியா, இப்பெல்லாம் என்கிட்டதான் ஒட்டுதல்” என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். அவள், “ஆமாங்க” என்று சொல்லிவிட்டு என் சட்டையைத் துவைக்கப் போட்டாள்.

ஒருநாள் அவள் கடையிலிருந்து வரத் தாமதமானது. நான் மட்டும் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறலாம் என்று பெல்ட்டை எடுத்தேன். பெரியவர் வாசலில் பாறை மாதிரி படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், பிஸ்கட் காட்டினேன், ‘ஐயா, சாமி’ என்றேன். ம்ஹூம். கீழ்வீட்டு அண்ணன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “லிஃப்ட் ரிப்பேரா?” என்றார். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுதான் தாமதம், பெரியவர் மூன்று காலில் எழுந்து நின்று, ‘எங்கே உன் பெல்ட்?’ என்று என்னைப் பார்த்தார்.

மூக்கு உடைந்தாலும் புத்தி வந்தது. லிஃப்டில் ஏறுகிறவர் யாரும் லிஃப்டைப் பார்ப்பதில்லை. எல்லோரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனை வருடமாகப் பார்த்துவருகிறேன், சொந்த வீட்டில் மட்டும் உறைக்கவில்லை. அவர் என் தோளில் தாடையை வைத்தது என்மேல் உள்ள பிரியத்தில் இல்லை. அங்கிருந்து பார்த்தால் முன்னால் போகிறவள் நன்றாகத் தெரிவாள்.

பிறகு மாத்திரை கேட்காமல் போயிற்று. ஒரு காலையில் அவள் தட்டோடு வந்தபோது பெரியவர் தலையைத் தூக்கவில்லை. கால் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். “கூட்டிட்டு வாங்க. இதுக்கு மேல அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்” என்றார்.

அவள்தான் காரை ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும், “என்னால பாக்க முடியாதுங்க. நீங்க கூட இருங்க” என்று சொல்லி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கடைசி நிமிஷமாவது அவர் எனக்கே எனக்கு. இப்படி ஒரு ஜென்மம் நான்.

உள்ளே தரையில் பாய் விரித்திருந்தார்கள். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தார்.

“நான் இருக்கேன் பெரியவரே” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, இருங்க என்று மரியாதைக்குச் சொன்ன மாதிரி இருந்தது. மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா ஊசியை எடுத்தார். “ஆரம்பிக்கலாமா?”

“ஒரு நிமிஷம்” என்று பெரியவர் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“கதவையே பாத்துட்டு இருக்காரு. வாம்மா.”

“அதான் நீங்க இருக்கீங்களே.”

“நான் வெறும் லிஃப்ட்மா. அவர் போகவேண்டிய மாடி நீ.”

அவள் வந்தாள். கதவு திறந்ததும் பெரியவர் வாலை ஆட்டினார். நான் அவருக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். ஆட்டியது அவளுக்கு, அடி விழுந்தது என் முகத்தில். அவள் அவர் நெற்றியோடு நெற்றி வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வால் நின்றது. டாக்டரம்மா டிஷ்யூப் பெட்டியை முதலில் என்னிடம்தான் நீட்டினார். அவ்வளவு சத்தமாக அழுதிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டு அண்ணன் என் கையில் இருந்த வெறும் பெல்ட்டைப் பார்த்தார். எழுந்து நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்.

அவள் முன்னால் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். முதல் மாடியில் வழக்கமாக மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. தூக்குவதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மேல் திருப்பத்தில் அவள் நின்றாள். திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது.

“வாங்க வாங்க, வந்தாச்சு” என்றாள். “இன்னும் ஒரே ஒரு மாடிதான்.”

அதே குரல். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

இன்னும் இரண்டு மாடி இருந்தது. எனக்கு எண்ணத் தெரியும். ஏறினேன்.