பாலத்துக்கு முன்னால்

"இறங்கிருவோம்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. இருபத்தாறு வருடமாக மலை ஓடுபாதைகளுக்கு விமானம் ஓட்டுகிறேன், எந்தப் பயணிக்கும் அந்த வார்த்தையைக் கொடுத்ததில்லை. "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அன்று காலை நேபாள்கஞ்சில், கத்தாரிலிருந்து நேராக வந்திருந்த ஜெயலால் ரோகாயா விமானப் படியருகே என்னை மறித்தான். முப்பது வயதிருக்கும். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ரெண்டு நாளா அப்பாவ வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க, கேப்டன் சாப். நான்தான் மூத்தவன். இன்னிக்கு உச்சிக்குள்ள நான் போகலேன்னா சித்தப்பா கொள்ளி வெச்சிருவார். இறங்கிருவோம்ல?"

வாய் தவறிவிட்டது. என் மனைவியும் மகளும் சிட்னியில் இருக்கிறார்கள். நான் ஒற்றை அறையில் கொசுவலைக்குள் படுத்து எழுகிறேன். கடந்த ஆறு மாதத்தில் நான் வாக்குக் கொடுத்த ஒரே ஆள் இந்த ஜெயலால்தான் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

ரிம்ஜாகோட் ஓடுபாதை மலைச்சரிவில் வெட்டியது. கீழ்முனையில் ஆறு, மேல்முனையில் பாறைச்சுவர். ஏறுமுகமாகத்தான் இறங்க முடியும். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் காற்று விமானத்தின் முதுகைப் பிடித்துத் தள்ளும். ஆற்றின் தொங்குபாலத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப இடம் கிடையாது, நல்லபடியோ கெட்டபடியோ இறங்கியே ஆக வேண்டும். அன்று மூடுபனி விலகி நாங்கள் கிளம்பவே ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

"காத்துப்பை தொங்குது சார், காத்தே இல்ல!" என்றாள் துணை விமானி பிரசித்தி ஷாக்யா. வலது இருக்கைக்கு வந்து எட்டு மாதமே ஆனவள். ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில், காற்றின் திசையும் வேகமும் காட்டும் அந்தத் துணிப்பை துவண்டு கிடந்தது எனக்கும் தெரிந்தது. சந்தோஷமாகத் தாழ்ந்தேன். ஆனால் கைக்கு ஏதோ பிடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தால் உயரம் குறைய மறுத்தது, மூக்கைக் கவிழ்த்தால் வேகம் கூடியது. ஆற்றுப் பாறைகள் வழக்கத்தைவிட விரைவாகப் பின்னால் ஓடின. எங்கள் விமானத்தில் விமானிகளையும் பயணிகளையும் பிரிக்கும் கதவு கிடையாது. முதல் இருக்கையிலிருந்த ஜெயலாலின் கை என் இருக்கைச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.

"சார், நிலையா இல்ல. திரும்பலாம்."

"இரும்மா. பை தொங்குதுல்ல?"

அந்தப் பையை நம்ப வேண்டும்போல் இருந்தது எனக்கு. அவ்வளவுதான் விஷயம்.

"சார், பாலம்!" அவள் கத்தினாள்.

விசையை முழுதும் தள்ளி இடப்பக்கம் சாய்த்தேன். வயல்கள் ஜன்னலை உரசுவதுபோல் வந்து விலகின. பின்னால் யாரோ வாந்தி எடுத்தார்கள்.

"ஏன் சாப் திரும்பிட்டீங்க?" வானொலியில் ஓடுபாதை ஊழியர் ஹர்க்கா. "இங்க காத்தே இல்லையே!"

நான் பேசுமுன் பிரசித்தி பொத்தானை அழுத்தினாள். "ஹர்க்கா அண்ணே, உண்மையச் சொல்லுங்க. பையக் கட்டி வெச்சிருக்கா?"

ஹர்க்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயலாலோட சித்தப்பா கட்டினார். பை ஆடுச்சுன்னா நீங்க திரும்பிருவீங்களாம். அந்தப் பய வந்து சேரட்டும்னு நானும் பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்."

"அவிழுங்க."

அவிழ்த்ததும் பை நிமிர்ந்து மலையைப் பார்த்து விறைத்து நின்றது. பதினெட்டுப் பேரைப் பாறையில் அறைய இருந்தாரே என்று அந்தக் கிழவரை வாய்க்கு வந்தபடி திட்ட நினைத்தேன். முடியவில்லை. ஜெயலாலைக் கொண்டுவந்து சேர்க்க, என்னால் செய்ய முடியாததைத்தானே அவர் செய்து பார்த்திருக்கிறார்.

"இன்னொரு தடவை பாக்கலாம்ல சாப்?" என்றான் ஜெயலால்.

"முடியாது தம்பி."

ஹர்க்காவின் குரல் தயங்கி வந்தது. "சாப்... இன்னும் காத்திருக்கணுமான்னு சித்தப்பா கேக்கறார். பக்கத்துலதான் நிக்கறார்."

நாளைய வானத்துக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது. பிரசித்தி ஜெயலாலிடம் கேள்வியைச் சொல்லி, தன் காதொலிக்கருவியைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டாள். பேசும் பொத்தானைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, மேலதான் இருக்கேன். உங்க தலப்பாக்கூடத் தெரியுது." என் இருக்கைச் சட்டத்திலிருந்து கையை எடுத்தான். "நீங்களே வெச்சிருங்க."

எரிபொருள் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் இடம் கொடுத்தது. சுற்றினேன். தலைப்பாக்காரர் ஓடுபாதையிலிருந்து ஆற்றங்கரைக்கு விழுந்தடித்து ஓடினார். நாங்கள் திரும்பி வருவதற்குள் வெள்ளைத் துணி போர்த்திய உடலுக்குப் பக்கத்தில் புகை கிளம்பியிருந்தது. அது மேலே போகவில்லை. எழுந்த இடத்திலேயே மடங்கி, தரையோடு படுத்து, ஓடுபாதை நெடுக மலையை நோக்கி ஓடியது. அவ்வளவு காற்று. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஜெயலால் எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். மலைமுகடு வந்து மறைத்த பிறகும் நிமிரவில்லை. அவன் மூச்சு என் காதுக்குள் கேட்டது. பிரசித்தி பொத்தானிலிருந்து விரலை எடுத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் மேற்கு மலைகளுக்கு மேல் அதே வானொலி அலைவரிசையில் பறந்துகொண்டிருந்த விமானங்கள் எல்லாவற்றிலும் அந்த மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.