காப்புக்காரியின் கை

விடிந்தும் விடியாத நேரத்தில் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும். கதவைத் திறந்ததுமே எங்கள் முதுகு ஒடியத் தொடங்கிவிடும். நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகள். சிலருக்குக் கண்ணும் தெரியாது. அக்குளில் கை கொடுத்து, தொடையைத் தாங்கி, கழுத்து சாயாமல் மார்போடு அணைத்து இறக்க வேண்டும். உடம்பு விறைத்துக்கொள்ளும் பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் வீண் செலவு என்று தாளாளர் நிறுத்திவிட்டார். அவர் அறை சோபாவை நகர்த்த மட்டும் நாலு பேர் வருவோம்.

ஆயாக்களான எங்களில் மூத்தவளுக்குக் காப்புக்காரி என்று பெயர். மணிக்கட்டில் நசுங்கிய பித்தளைக் காப்பு, முழங்கையில் பழைய தீத்தழும்பு. அவளிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளை குருவி. குருவிக்குக் கண் தெரியாது, காது கேட்காது, கால் ஊன்றாது. காப்புக்காரி தன் கையை அவள் விரல்களுக்குக் கீழே வைத்துக் காத்திருப்பாள். குருவி காப்பைத் தடவுவாள். ஆள் யாரென்று தெரிந்ததும் தோளைக் குலுக்கிச் சிரிப்பாள். அதற்குப் பிறகுதான் ஸ்பூன் கீழுதட்டைத் தொடும், வாய் திறக்கும்.

“சொல்லாம கொள்ளாம வாயில திணிச்சா உனக்குப் பிடிக்குமாடி?” என்று எங்களில் அவசரப்படுகிறவளை அதட்டுவாள்.

ஒரு காலையில் விறைத்த பிள்ளையைத் தனியாக இறக்கும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. வலியோடு தாளாளர் முன்னால் போய் நின்றாள்.

“இனிமே ரெண்டு பேர் இல்லாம தூக்க மாட்டேன் சார். பிள்ளை கீழ விழுந்தா யார் பதில் சொல்றது?”

“முடியலேன்னா வீட்ல இரு.”

மறுநாளே அவளுக்குப் பதிலாக ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள். தினம் ஒரு முகம். குருவி பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. தன் மணிக்கட்டைத் தானே கடித்துப் புண்ணாக்கினாள்.

வந்தவர்களில் ஒருத்தி மட்டும் நிலைத்தாள். அவளைப் புதுசு என்று கூப்பிட்டோம். இளகிய மனசுக்காரி. பட்டினி கிடக்கும் பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல் காப்புக்காரி வீட்டுக்கே போய்க் காப்பை இரவல் வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு வந்தாள். நல்ல யோசனை என்று நாங்களும் ஆமாம் போட்டோம். எங்கள் புத்தி அன்றைக்கு எங்கே மேயப்போனதோ!

குருவி காப்பைத் தொட்டாள். தோள் குலுங்கியது. புதுசுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சின்ன விரல்கள் கை வழியாக மேலே ஏறி முழங்கைக்குப் போயின. தழும்பைத் தேடின. திரும்பத் திரும்பத் தேடின. பிறகு குருவி வீறிட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அதோடு தண்ணீருக்கும் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த முறை காப்பைக் காட்டியபோது தட்டிவிட்டாள்.

குருவியின் அம்மா இஸ்திரி போடுகிறவள். தகவல் கேட்டுப் பாதி வேலையில் ஓடிவந்தாள்.

“ஊட்டுறதுக்கு யார் கையா இருந்தா என்னம்மா?” என்றார் தாளாளர்.

“உங்க பொண்டாட்டி தினம் வேற மூஞ்சியோட வந்தா நீங்க சாப்பிடுவீங்களா சார்?”

தாளாளர் முகம் சிவந்தது. “சாப்பிடாத பிள்ளைய இங்க வெச்சுக்க முடியாது. நாளையிலருந்து கூட்டிட்டு வராதீங்க.”

அம்மா குருவியை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை எங்கே விடுவாள்? விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவாள்? புதுசுதான் வாயைத் திறந்தாள்.

“நான் பண்ணின தப்பு. காப்புக்காரி அக்கா உள்ள வர்ற வரைக்கும் நான் உள்ள போகல.”

மறுநாள் விடியலில் வேன் வந்தபோது நாங்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேராகச் சேர்ந்து இறக்கி மரத்தடியில் பாய் விரித்து உட்காரவைத்தோம். வராதே என்றும் குருவியைத் தூக்கிவந்த அவள் அம்மாவோடு மற்றத் தாய்மார்களும் வேலைக்குப் போகாமல் கூட உட்கார்ந்தார்கள்.

“போலீசைக் கூப்பிடுவேன்!” என்றார் தாளாளர்.

“கூப்பிடுங்க சார். பிள்ளைங்கள உள்ள தூக்கிட்டுப் போக அவங்களுக்கும் பிள்ளைக்கு ரெண்டு பேர் வேணும்” என்றேன். எனக்கா இந்தத் தைரியம் என்று எனக்கே ஆச்சரியம்.

நாங்கள் சொல்லியனுப்பி வந்த காப்புக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குருவியின் அருகில் உட்கார்ந்தாள். புதுசு திருப்பிக் கொடுத்திருந்த காப்பைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு வெறுங்கையை நீட்டினாள். குருவி விலக்கினாள். மறுபடி நீட்டினாள். விரல்கள் மெல்ல ஏறித் தழும்பைக் கண்டுபிடித்து, அங்கேயே இறுகப் பிடித்துக்கொண்டன. காப்புக்காரி புதுசின் கையை இழுத்து, அதில் கட்டியிருந்த கயிற்றைக் குருவியின் இன்னொரு கைக்குத் தொடக் கொடுத்தாள்.

“இவ வேற ஆளுடி கண்ணு. இனிமே இவ இவளாவே வருவா.” காது கேட்காத பிள்ளையிடம் வாய்விட்டே சொன்னாள்.

ஸ்பூன் கீழுதட்டைத் தொட்டது. குருவி வாய் திறக்கவில்லை. தழும்பையும் விடவில்லை, கயிற்றையும் விடவில்லை. தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது. நாங்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தோம்.