ஏழு விநாடி முன்னால்

அக்கா தங்கை இருவரில் பெரியவளுக்குப் பார்வையின்மை பிறவியிலேயே வந்தது; கால்பந்துப் பைத்தியம் பிறகு வந்தது. ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊர் அணியில் யார் எந்தக் காலால் உதைப்பான், யாருக்கு முழங்கால் மக்கர் பண்ணுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிவியில் நடக்கும் ஆட்டத்தை அவளுக்குச் சொல்லும் பொறுப்பு அவள் புருஷனுடையது. மனுஷன் தங்கம்தான், ஆனால் வர்ணனைக்கு லாயக்கில்லை. முக்கியமான கட்டத்தில் "ஐயோ, ஐயோ" என்று எழுந்து நின்றுவிடுவார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவள் நாலு தரம் கேட்ட பிறகு, "ஒண்ணுமில்ல, வெளியே போயிடுச்சு" என்பார்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் தங்கைக்கு அந்த யோசனை வந்தது. சின்னவளுக்கு, பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பயன்படுத்தும் கருவிகளை வடிவமைக்கும் ஒரு பட்டறையில் உத்தியோகம். முதலில் ஒரு கையுறை செய்தாள். பந்து போகிற பக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு விரலாக அதிரும். அக்கா பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே தேளை விட்டுத் தைத்தாயா என்று கேட்டாள். அடுத்து இடுப்பில் கட்டும் பட்டை. அது கிச்சுக்கிச்சு மூட்டியதில் அக்கா ஆட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தாள். நம் அணி மூன்று கோல் வாங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. பட்டையை அவிழ்த்துத் தங்கை கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"பந்து எங்க இருக்குன்னு எனக்கு யாரும் சேதி சொல்ல வேணாம்டி. நானே தேடிக்கறேன். என் கைக்கு ஒரு மைதானம் குடு, போதும்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. ஐந்து மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பலகை செய்தாள். சாப்பாட்டுத் தட்டு இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். மேலே சொரசொரப்பான துணி, கோடுகள் எல்லாம் தடித்த நூலில். பலகைக்கு அடியில் ஒரு காந்தம் ஓடும். அது இழுக்கிற இழுப்புக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பந்து ஓடும். பந்து நம் ஆள் காலில் இருந்தால் பலகையின் இடது ஓரம் லேசாகச் சிலிர்க்கும், எதிராளி காலில் இருந்தால் வலது ஓரம். போட்டி நடத்துகிறவர்களிடம் நடையாய் நடந்து, பந்துக்குள் இருக்கும் உணர்கருவியின் தகவல் மைதானத்திலிருந்து நேரே பலகைக்கு வரும்படி ஏற்பாடும் செய்துவிட்டாள்.

முதல் வெள்ளோட்டம் இறுதிப் போட்டியன்று மத்தியானம், அக்கா வீட்டில். அக்காவும் அத்தானும் மாடிவீட்டுப் பல் டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்குக் கால்பந்தில் தெரியாதது எதுவும் கிடையாது. அப்படித்தான் அவர் நினைப்பு.

இருபதாவது நிமிஷம். பெரியவளின் விரல்கள் பொத்தானோடு வழுக்கிக்கொண்டு போயின. திடீரென்று நிமிர்ந்தாள்.

"கோல்," என்றாள்.

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். நம் ஆள் நடுக்கோட்டில் பந்தை வைத்துக்கொண்டு, யாருக்குத் தள்ளலாம் என்று பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பரிதாபப்பட்டு, மெஷின்னா முதல்ல அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார். சின்னவள் இழுத்து மூடிவிடலாம் என்று பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள். கை பிளக்கைத் தொடுவதற்குள் டிவி அலறியது. பந்து வலைக்குள் கிடந்தது.

பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது. டிவிப் படம் ஆகாயத்துக்கு ஏறி, இறங்கி, ஆற அமர வீட்டுக்கு வருகிறது. பலகைக்கு வரும் தகவலோ குறுக்குவழியில் ஓடி வந்துவிடுகிறது. அடுத்த கார்னரில் கைப்பேசியை வைத்து நேரம் பார்த்தாள். சுளையாக ஏழு விநாடி.

எதிரணி ஒரு கோல் திருப்பியபோது, பெரியவள் முன்கூட்டியே "போச்சு" என்று தலையில் கை வைத்தாள். டாக்டர் நாற்காலியைத் திருப்பி, டிவிக்கு முதுகு காட்டி, அவள் விரல்களைப் பார்க்க உட்கார்ந்தார். விஷயம் படிக்கட்டு வழியாகப் பரவியது. கீழ்வீட்டுத் தையல்காரர் வந்தார், அவர் சம்சாரம் வந்தாள், எதிர்வீட்டுக் குடும்பம் மொத்தமும் வந்தது. இரண்டாம் பாதியில் அந்த அறையில் டிவியைப் பார்க்க ஒரு ஈ காக்கா இல்லை. பெரியவள் புருவம் தூக்கினால் பதினைந்து பேர் மூச்சைப் பிடித்தார்கள். உதட்டைச் சுழித்தால் உச்சுக்கொட்டினார்கள்.

ஆட்டம் சமன். பெனால்டிக்குப் போனது. நம் அணி ஐந்து உதையும் எதிரணி நாலும் முடித்தபோது நம்மவர்களுக்கு ஒன்று கூடுதல். எதிரணியின் கடைசி உதை மட்டும் பாக்கி. தடுத்தால் கோப்பை நமக்கு.

பொத்தான் சரேலென்று ஓடியது. நின்றது. அப்புறம் ஒரு துள்ளு.

பெரியவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த டம்ளரைத் தடவி எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"சொல்லித் தொலையேன், நெஞ்சு வெடிச்சுடும் போலிருக்கு," என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அவள், "டிவியப் பாருங்க."

பதினைந்து தலைகள் திரும்பின. உதைக்கிறவன் அப்போதுதான் ஓடி வந்தான். நம் கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கையில் பட்டுத் தெறித்தது. வீடு அதிர்ந்தது. தையல்காரர் டாக்டரைத் தூக்கிச் சுற்றினார். அத்தான் அழுதாரா சிரித்தாரா என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த அமளியில் சின்னவள் அக்காவின் காதருகே போய், பலகையை ஏழு விநாடி தாமதப்படுத்தி டிவியோடு சேர்த்துவிடுவது சுலபம், நாளைக்கே செய்துவிடுகிறேன் என்றாள். பெரியவள் அவள் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா எல்லாரும் கத்தி முடிச்ச அப்புறந்தான்டி எனக்கு விஷயம் வரும். இன்னிக்கு அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தாங்க. அந்த ஏழு விநாடியில நீ கை வச்ச, கையை முறிச்சுடுவேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குள் பலகையில் பொத்தான் தறிகெட்டு ஓட ஆரம்பித்திருந்தது. ஜெயித்த பயல்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறார்கள் என்று பெரியவள் விளக்கினாள். டாக்டர், தானும் தொட்டுப் பார்க்கலாமா என்று பவ்யமாகக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு பலகையின் மூலையில் துழாவியவரின் விரலைப் பிடித்து, அவள் பொத்தானின் மேல் வைத்தாள். அத்தான் ஒரு விரல் வைத்தார், தையல்காரர் சம்சாரம் ஒரு விரல். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் கை மேல் ஒருவர் கை இடிக்க, பெரியவள் விரல் பின்னாலேயே மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.