தசரதன் சொன்ன ஐந்து சொற்கள்

கீழ்க்கட்டளை டீக்கடையில் தசரதன் வாயைத் திறந்தால் ஒரே பெருமைதான். வயலை மனை போட்டு விற்ற பெருமை அல்ல, வாடகை வீடுகளின் பெருமையும் அல்ல.

"நம்ம மூளைய வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாங்க. இந்த வயசுல இப்புடியானு அசந்துட்டாங்க. எம்பொண்ணுக்கும் நம்ம மூளைதான்."

அந்தப் பெண் ஜெயஸ்ரீ, முனைவர் பட்டம் முடித்து, தாம்பரம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளர். மூளை முதுமையடைவதில் மரபணுவின் பங்கு என்ன என்பது அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நினைவுள்ள பெரியவர்கள் தேவைப்பட்டபோது, போன வருஷம் ஆள் கிடைக்காததால் அப்பாவையே கூட்டிப்போனாள். ஐந்து சொற்களைப் படித்துக்காட்டி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள், ஐந்தையும் சொன்னார். ரத்தமும் கொடுத்தார். முடிவு தெரியவேண்டுமா என்று கேட்டதற்கு, "நமக்கு எதுக்கு" என்றுவிட்டார்.

ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் அந்த எண்ணை ஒட்டியவளே ஜெயஸ்ரீ. மறக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. முடிவுகள் திரையில் வந்த அன்று கண் தானாக அப்பாவின் எண்ணுக்குப் போனது. நினைவைத் தின்னும் நோய்க்குக் கதவு திறக்கும் மரபணு, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதியும் அவரிடம். அப்படியானால் ஒன்று அவளுக்கும் உண்டு. அதற்குச் சோதனைகூட வேண்டாம்.

நோய் வந்தே தீரும் என்றில்லை, தெரியும். ஆனால் யாரிடம் சொல்வது? ஆராய்ச்சி விதிமுறை சொல்ல விடாது, அப்பாவும் வேண்டாமென்றுவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். "சாவிய எங்க வெச்சாருனே உங்கப்பாவுக்குத் தெரிலடி" என்று அம்மா கங்கையம்மாள் சிரிக்கும்போதெல்லாம் ஜெயஸ்ரீக்குச் சோறு இறங்காது.

இன்று இரண்டாவது சோதனை. மகள் உள்ளே இருக்கக்கூடாது என்பதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே, கூட வேலை செய்யும் கிறிஸ்டினா புதிய சொற்களைப் படித்தாள்: படகு, மஞ்சள், காது, கோபுரம், பாய். பிறகு கொஞ்சம் கணக்கு, கடிகாரப் படம். அதன்பின், "அந்த அஞ்சு வார்த்தைய சொல்லுங்க சார்."

தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிணறு, பச்சை, தேர், மூக்கு, வெல்லம்."

தடுமாற்றமே இல்லை. போன வருஷத்துச் சொற்கள். வருஷம் முழுக்க டீக்கடையிலும் வீட்டிலும் ஒப்பித்தவை.

"இன்னிக்குப் படிச்சது சார்?"

"இதாம்மா நீ படிச்ச."

'படகு' என்று எடுத்துக்கொடுக்க ஜெயஸ்ரீயின் வாய் துடித்தது. கண்ணாடி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கக் கூடாது.

வெளியே வந்தவர், "அஞ்சும் கரெக்டு. கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்ப்பா."

மேடவாக்கம் சிக்னலில் ஸ்கூட்டர் நகரவில்லை. முன்னால் பஸ், பக்கத்தில் தண்ணி லாரி, திரும்பவும் வழியில்லை. பின்னாலிருந்து அப்பா தோளைத் தட்டினார்.

"நீ சொல்லு பாப்போம். உனக்கும் நம்ம மூளைதானே."

ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. "கிணறு," என்று ஆரம்பித்தாள். "பச்சை, தேர், மூக்கு..." ஐந்தாவது வரவில்லை.

"வெல்லம்," என்றார் அப்பா. "பயப்படாத கண்ணு. தெனம் சொன்னா வந்துரும்."