கிளாரம்மாவின் தமிழ்க் கட்டுரை

கிளாரம்மாவுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தது தெரசம்மாளாகிய நான்தான். யார் முகத்தைச் சுளித்தாலும் இதை உரக்கத்தான் சொல்வேன்.

பிரான்சிலிருந்து வந்த கன்னியாஸ்திரி அவர். வரதராஜன்பேட்டையில் நான் பாடம் நடத்திய பெண்கள் பள்ளிக்குத் தலைமை. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும்; அதற்குமேல் பெண்களுக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலைதான். ஆறாம் வகுப்பு வேண்டுமென்றால் தலைமையாசிரியை தமிழில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தேற வேண்டும் என்று திருச்சித் தேர்வுக் குழு சொல்லிவிட்டது. 1946-இல் முதல் கட்டுரை திரும்பி வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

வாங்கிப் படித்தேன். “மழை விழுந்தது. நான் கவனம் செய்தேன். பிறகு முடிவைப் பிடித்தேன்.” எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அகராதியை முழுசாகக் கரைத்துக் குடித்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் சரி. எது எதோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை.

“அந்த அகராதிய இப்படிக் குடுங்கம்மா” என்று வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். “இனிமே ஒத்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டீங்கன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். சோடியாத்தான் கேக்கணும்.”

“சரிங்க டீச்சர்” என்றார். வயதில் என் அம்மாவைவிடப் பெரியவர்.

பள்ளி விட்டதும் தெருத் தெருவாக அழைத்துப் போனேன். கொளஞ்சி வீட்டு அடுப்படியில், செங்கமலம் கடலை பிடுங்கும் கொல்லையில், கிணற்றடியில், சும்மா நின்று காதால் கேட்கச் சொன்னேன். தோசை சுடுவது, இட்லி அவிப்பது, தண்ணீர் சேந்துவது. வீடு திரும்பியதும் கட்டுரைக்கு வேண்டிய சோடிகள்: ஐயம் எழும், கவனம் செலுத்துவோம், காரணம் காட்டுவோம், முடிவுக்கு வருவோம். தப்பாகச் சேர்த்தால் விடமாட்டேன். சில நாள் அழுதார். அழட்டும் என்றுதான் இருந்தேன்.

புதுக் கட்டுரைக்கு அவரே எடுத்த பொருள், பள்ளிப் பிள்ளைகளின் உணவு.

திருச்சியில் குழுவின் முன் அவர் நிற்க, நான் வாசற்படியில் நின்றேன். தமிழ்ப் பண்டிதர் சிவப்புப் பென்சிலோடு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பென்சில் தாளைத் தொடவே இல்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சில் இறங்கியது.

“‘சோறு ஆக்கினர்’ என்று எழுதியிருக்கிறீர்களே! கட்டுரைக்கு இது ஆகாது. ‘சமைத்தனர்’ என்று திருத்துங்கள்.”

போச்சு என்று நினைத்தேன். ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கிளாரம்மா தலையாட்டவில்லை.

“இல்லைங்க ஐயா. பிள்ளைங்க வீட்ல சோறு மட்டுந்தான் ஆக்குனாங்க. கொழம்பு வைக்க வழியில்ல. சமைச்சாங்கன்னு எழுதுனா ரெண்டும் இருந்துச்சுன்னு ஆயிடும். எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க.”

பண்டிதர் நிமிர்ந்தார். “எந்த ஊரில்? பிரான்சிலா?”

“வரதராஜன்பேட்டைங்க.”

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். ஆறாம் வகுப்பு வந்துவிட்டது. வாசற்படியில் நின்றபடியே நான் விம்மி விம்மி அழுதேன். எத்தனையோ சோடி சொல்லிக்கொடுத்தேன். ‘எங்க ஊர்’ என்று மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.