இரண்டு மாடிகளும் ஒரு ஏசியும்

வரிப் பிரிவும் பிறப்பு இறப்புப் பிரிவும் மோதிக்கொள்வதைப் பார்த்தால் கீரியும் பாம்பும் வெட்கப்படும். அந்தப் பகையை நம்பித்தான் 'கரண்டு' அந்தப் போட்டியை வைத்தாள். நகராட்சியின் மின்செலவைக் குறைக்க ஒப்பந்தத்தில் வந்தவளுக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர்தான் கரண்டு. தொட்டால் ஷாக் அடிப்பாளாம்.

பிரிவுக்கு ஒரு மாடி, மாடிக்கு ஒரு மீட்டர். குறைவாக ஓட்டும் மாடி ஜெயிக்கும். கட்டடம் மொத்தத்துக்குமான பெரிய மீட்டர் போன மாதத்தைவிடக் குறைந்தால் அவள் வேலை நீடிக்கும். குறையாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு.

"நாலு வருஷம் காலேஜ் போனது சுவிட்ச் அணைக்கவாடி? அத நான் படிக்காமலே செய்வேனே!"

போட்டி வைத்துவிட்டுப் போனவள் மாதக் கடைசியில் வந்து பார்த்தால், இரண்டு மாடி மீட்டர்களும் செத்த பாம்பாய்க் கிடந்தன. துள்ளிக்கொண்டு மேலே ஓடினாள். இருட்டு. ஈ காக்கை இல்லை. கீழே நகர்மன்றக் கூடத்திலிருந்துதான் சிரிப்புச் சத்தம் வந்தது. மன்றம் கூடும் நாள் தவிர ஆள் புழங்காத இடம் என்று அவளே போட்டியில் சேர்க்காமல் விட்ட கூடம்.

கதவைத் திறந்தாள். உறுப்பினர்களின் மெத்தை நாற்காலிகளில் இரண்டு பிரிவும் கம்ப்யூட்டர்களோடு குடியேறியிருந்தன.

"கதவ சாத்தும்மா, குளுரு வெளிய போகுதில்ல," என்றார் வரிப் பிரிவுத் தலைமை எழுத்தர். ஊர் அவரை மீசை என்றே அழைத்தது.

"அடப்பாவிகளா! குறைக்கச் சொன்னா குடிமாறி வந்திருக்கீங்க!"

"மொத நாளே வந்துட்டோம்டி," என்றாள் பிறப்பு இறப்புப் பிரிவின் பெரியக்கா. "வந்து பாத்தா இந்த மீசை எங்களுக்கு முன்னாடியே எடம் புடிச்சிருக்கு."

"சண்டை போடலையா?"

"போட்டோம். தொண்டை வறண்டுபோச்சு. டீ கெட்டில் அவங்ககிட்டதான் இருந்துச்சு."

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே!"

அடித்தளத்துக்கு ஓடினாள். கூடத்து ஏசி மொத்தத்தையும் விழுங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டே பெரிய மீட்டர்முன் நின்றாள். திறந்தாள். குறைந்திருந்தது! கொஞ்சநஞ்சமல்ல, பாதிக்குப் பாதி. அறை அறையாய் ஓடிய ஏசிகளும் ஃபேன்களும் ஓய்ந்து, எல்லோரும் ஒரே ஏசியில் ஒண்டியிருக்கிறார்கள். அவள் கத்திக் கத்தி நடக்காதது, இவர்கள் திருட்டுத்தனத்தில் நடந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

திரும்பி வந்தபோது கூடத்தின் நடுவில் நகராட்சி ஆணையர் நின்றிருந்தார். மீசையின் மீசைகூட ஆடவில்லை.

"என்ன கூத்தும்மா இது?"

"திருட்டுத்தனம் சார். ஆனா செலவு பாதியாயிடுச்சு. பெரிய மீட்டர நீங்களே பாருங்க. இவங்கள இங்கயே விட்டுடுங்க."

"அப்ப மன்றம் எங்க கூடும்?"

"மாசம் ஒருவாட்டி மேசையத் தட்டத்தானே சார் வர்றாங்க? மேல ரெண்டு மாடி காலியா கெடக்கு. ஃபேன் காத்துல தட்டட்டும், சீக்கிரம் முடியும்."

ஆணையர் கைக்குட்டையால் வாயை மூடினார். தோள் மட்டும் குலுங்கியது.

"நாளைக்கு எழுதிக் கொண்டா."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கா சார்?"

"இல்லாம? இந்தக் கும்பல நானா மேய்க்கிறது?"

அவள் போட்ட கூச்சலில் இறப்புச் சான்று வாங்க வந்தவர்கூடக் கை தட்டினார்.